குழாயில் வரும் பவானித் தண்ணீர்: வாழை வைக்கும் முன் ஒரு கணக்கு



அவிநாசி, அன்னூர், பெருந்துறை பக்கம் பயிற்சிக்குப் போனால் இப்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஏனுங்க, குட்டைக்கு அத்திக்கடவுத் தண்ணி வந்துருச்சு. கிணத்துலயும் மட்டம் ஏறியிருக்கு. இனி தைரியமா வாழை வெக்கலாமுங்களா?"

நியாயமான கேள்விதான். இருபது வருடம் காய்ந்து கிடந்த குட்டையில் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் மனம் குளிரும். ஆனால் இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். வாழைக்கும் சொட்டுநீருக்கும் புதிய போருக்கும் நீங்கள் போடும் பணம் சில லட்சங்கள். அதில் பாதி கடனாக இருக்கும். எனவே இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எந்த ஆண்டு வரும், எந்த ஆண்டு வராது என்று உட்கார்ந்து ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திட்டம் என்ன செய்கிறது?

அத்திக்கடவு–அவிநாசி திட்டம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலான கோரிக்கை. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட் 17 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. செலவு சுமார் 1,916 கோடி ரூபாய். ஈரோடு மாவட்டத்தில் பவானி ஆற்றின் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து உபரி நீர் எடுக்கப்படுகிறது. அது ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலே தள்ளப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கோவை ஆகிய மூன்று மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகளுக்குப் போய்ச் சேருகிறது. இவற்றில் 32 நீர்வளத்துறை ஏரிகள், 42 ஊராட்சி ஒன்றியக் குளங்கள், 971 குட்டைகள். மொத்தக் குழாயின் நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பயன்பெறும் நிலம் 24,468 ஏக்கர்.

ஆண்டுக்கு எடுக்கும் தண்ணீர் 1.5 டி.எம்.சி. வினாடிக்கு 250 கனஅடி வீதம் 70 நாள் ஓடினால் இந்த அளவு வரும்.

இதில் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. இது பாசனத் திட்டம் அல்ல. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் ஆயக்கட்டு இதில் கிடையாது. தண்ணீர் குளத்தில் நிற்கும், மண்ணில் இறங்கும், அங்கிருந்து உங்கள் கிணற்றுக்கு வரும். அதாவது இது நிலத்தடி நீர் செறிவூட்டும் திட்டம். குடிநீருக்கும் கால்நடைக்கும் இதே தண்ணீர்தான் துணை.

வாய்க்கால் இல்லாமல் ஏன் குழாய்?

அத்திக்கடவு என்பது பில்லூர் அணைப் பக்கம் மலையில் உள்ள ஊர். முதலில் பேசப்பட்ட திட்டம், அங்கே உயரத்திலேயே பவானித் தண்ணீரைத் திருப்பி, வாய்க்கால் வழியாகத் தானாக ஓடி வர விடுவது. அது நிறைவேறவில்லை. இப்போது தண்ணீர் எடுக்கும் இடம், ஆறு கீழே இறங்கி, பழைய பாசனங்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்பு உள்ள இடம். திட்டத்தின் பெயரில் மட்டும்தான் அத்திக்கடவு இருக்கிறது.

இடம் மாறியதால் ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. பவானிசாகர் அணையை நம்பிய கீழ்பவானி பாசனத்துக்கும், 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்காலுக்கும் உரிய பங்கில் கை வைக்காமல் மீதியை மட்டும் எடுக்கலாம் என்பது லாபம். ஆற்றைவிட நம் ஊர்கள் மேட்டில் இருப்பது நட்டம். பவானியைவிட அன்னூர் நூறு மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. ஆகவே தண்ணீரைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

தூக்குவதற்கு என்ன செலவு? ஒரு லட்சம் லிட்டரை நூறு மீட்டர் உயரம் ஏற்ற, ஒரு சொட்டுகூட வீணாகாத மோட்டார் இருந்தாலும் 27 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரின் திறன் இழப்பு, குழாய்க்குள் உராய்வு எல்லாம் சேர்த்தால் 40 யூனிட் ஆகும். ஒரு சராசரிக் குட்டைக்கு வரும் பங்கு நான்கு கோடி லிட்டர். அப்படியானால் ஒரு குட்டைக்கு ஆண்டுக்கு 16,000 யூனிட்! இந்த மின்கட்டணத்தை நீங்கள் கட்டவில்லை, அரசு கட்டுகிறது. ஆனால் ஆண்டுதோறும் யாரோ கட்டினால்தான் தண்ணீர் வரும் என்பதை மறந்துவிட வேண்டாம். காலிங்கராயன் வாய்க்கால் எழுநூறு ஆண்டாக மின்சாரம் கேட்காமல் ஓடுகிறது. குழாய் அப்படி ஓடாது. மோட்டார், வால்வு, மின்சாரம், ஆள் என்று நாலும் சரியாக இருந்தால்தான் ஓடும்.

குழாய்க்கு நல்ல பக்கமும் உண்டு. வழியில் ஆவியாகாது, கசியாது. வாய்க்கால் அளவுக்கு நிலம் பிடிக்காது. தலைமடைக்காரர் எடுத்துக்கொண்டு கடைமடைக்காரர் வானம் பார்க்கும் பழைய வழக்கும் குறையும். மேட்டில் உள்ள குட்டைக்கும் தண்ணீர் ஏறும். ஆகவே குழாய் வந்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதை நம்பி எந்த அளவுக்குக் காலை நீட்டலாம் என்பதுதான் பேச்சு.

'உபரி' என்ற சொல்லைக் கவனியுங்கள்

திட்ட அறிக்கையில் மிக முக்கியமான சொல் 'உபரி'. பழைய ஆயக்கட்டுக்கெல்லாம் கொடுத்த பின் மிஞ்சினால்தான் உபரி. நல்ல மழை பெய்து பவானியில் வெள்ளம் வரும் ஆண்டில் மிஞ்சும். மழை பொய்த்த ஆண்டில் மிஞ்சாது.

இதன் பொருள் என்ன? உங்களுக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் ஆண்டு எதுவோ, அந்த ஆண்டில்தான் குழாய் காய்ந்து கிடக்க வாய்ப்பு அதிகம்.

பக்கத்து உதாரணம் ஒன்று பார்ப்போம். காவிரியில் மேட்டூர் அணை 2022 ஜூலையில் நிரம்பியது. உபரி நீர் கரை புரண்டு ஓடியது. அடுத்த ஆண்டு, 2023இல், ஜூன் 12 அன்று டெல்டாவுக்கு அணை திறந்தார்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போய், அக்டோபர் 10 அன்று பாசனத்துக்குத் தண்ணீர் நிறுத்த வேண்டிய நிலை. குறுவை தடுமாறியது. 2024 ஜூலை கடைசியில் அணை மறுபடி 120 அடியைத் தொட்டது. ஒரு வருடம் வெள்ளம், மறு வருடம் வறட்சி, அதற்கடுத்த வருடம் மறுபடி வெள்ளம். மேட்டூர் உபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் நூறு ஏரிகளுக்குக் கொண்டுபோகும் சரபங்கா திட்டமும் இதே உபரியை நம்பித்தான் இருக்கிறது. அணை நிரம்பாத ஆண்டில் அங்கே தள்ளுவதற்குத் தண்ணீர் ஏது?

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டும் தண்ணீர் பவானி கூடுதுறையில் காவிரியில் சேர்ந்து டெல்டாவுக்குப் போகிறது. வெள்ளக் காலத்தில் அதில் கொஞ்சம் எடுத்தால் யாருக்கும் குறை வராது. ஆனால் பற்றாக்குறை ஆண்டில் "எங்கள் குட்டைக்கும் விடுங்கள்" என்று நாம் கேட்டால், கடைமடையில் நிற்கும் தஞ்சாவூர், நாகப்பட்டினத்து விவசாயியின் பங்கைக் கேட்கிறோம் என்று பொருள். அந்த ஆண்டில் நமக்குத் தண்ணீர் கிடைக்காது என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்வதுதான் நல்லது.

ஆகவே இந்தத் திட்டத்தை வறட்சி ஆண்டில் காப்பாற்ற வரும் தண்ணீராகப் பார்க்காதீர்கள். நல்ல ஆண்டில் போட்டு வைக்கும் சேமிப்பாகப் பாருங்கள். உபரி வந்த ஆண்டில் நிலத்துக்குள் சேர்த்ததை, உபரி வராத ஆண்டில் எடுத்துப் பிழைக்க வேண்டும். வந்த ஆண்டிலேயே முழுவதையும் இறைத்துவிட்டால், வராத ஆண்டில் பழைய நிலைதான்.

உங்கள் ஏக்கருக்கு எவ்வளவு?

1.5 டி.எம்.சி. என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். பிரித்துப் பாருங்கள்.

1,045 நீர்நிலைகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 4 கோடி லிட்டர். 33 ஏக்கரில் ஒரு அடி உயரம் நிற்கும் தண்ணீர் இது. ஏரி பெரிதானால் பங்கு கூடும், குட்டை சிறிதானால் குறையும்.

24,468 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு 17 லட்சம் லிட்டர். 43 சென்டிமீட்டர் மழை பெய்தது போல. இது ஆற்றில் எடுக்கும் கணக்கு. குளத்தில் ஆவியாவதையும் கழித்த பிறகு கிணற்றுக்கு வருவது இதைவிடக் குறைவு.

இப்போது பயிர்களின் தேவையைப் பாருங்கள். கரும்புக்கு ஆண்டுக்கு 180 முதல் 220 சென்டிமீட்டர் வரை வேண்டும். வாழைக்கும் ஏறக்குறைய அதே அளவு. மக்காச்சோளம், நிலக்கடலைக்கு 50 சென்டிமீட்டர் அளவில் போதும். பாசிப்பயறு, தட்டைப்பயறு போன்றவை 30 சென்டிமீட்டரில் முடித்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரின் பங்கு ஒரு குறுகிய காலப் பயிருக்குத்தான் வருகிறது, வாழைக்குக் கால்வாசிகூடப் போதாது.

இதோடு ஒப்பிட இன்னொரு கணக்கு. ஆண்டுக்கு 60 சென்டிமீட்டர் மழை பெய்கிற ஊரில், உங்கள் ஒரு ஏக்கரில் விழும் மழைநீர் 24 லட்சம் லிட்டர். குழாயில் வரும் பங்கைவிட இது அதிகம்! இதைத் தூக்க மின்சாரம் வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். 1,916 கோடியை 24,468 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு ஏழே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. இவ்வளவு செலவு செய்து கொண்டுவந்த தண்ணீரை வைத்துக்கொண்டு, இலவசமாக விழும் மழையை ஓடையில் ஓட விட்டால் நியாயமா?

கிணற்று மட்டம் ஏன் சட்டென்று ஏறுகிறது?

நம் கொங்கு மண்டலத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே கொஞ்சம் சிதைந்த பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள். ஆற்று மணல் போலத் தண்ணீரைப் பிடித்து வைக்க இதில் இடம் இல்லை. நூறு பங்கு பாறையில் தண்ணீர் இருந்து வெளியே தரக்கூடிய இடம் இரண்டு பங்கு அளவில்தான் இருக்கும்.

அதனால்தான் குளத்தில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினாலே கிணற்று மட்டம் வேகமாக ஏறுகிறது. பார்க்கிறவர்களுக்கு "ஊற்று திறந்துவிட்டது" என்று தோன்றும். ஆனால் ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்யும்.

ஒரு சராசரிக் குட்டைக்கு வரும் 4 கோடி லிட்டரில் பாதி, அதாவது 2 கோடி லிட்டர், நிலத்துக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குட்டையைச் சுற்றி 250 ஏக்கரில் கிணற்று மட்டம் ஒரு மீட்டர் ஏறும். அந்த 250 ஏக்கரில் 20 கிணறுகள் இருந்து, ஒவ்வொன்றிலும் மணிக்கு 18,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் தினமும் 6 மணி நேரம் ஓடினால், ஒரு நாளில் வெளியேறுவது 21 லட்சம் லிட்டருக்கு மேல். ஏறிய ஒரு மீட்டரும் பத்தே நாளில் காலி.

இதே 2 கோடி லிட்டரை வேறு மாதிரி செலவு செய்து பார்ப்போம். சொட்டுநீரில் தென்னைக்குக் கோடையில் மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் என்பது பரிந்துரை. ஏக்கருக்கு 70 மரம் என்றால் 4,550 லிட்டர். இந்த வீதத்தில் 45 ஏக்கர் தென்னையைக் கோடையில் நூறு நாள் காப்பாற்றலாம்.

பத்து நாளா, நூறு நாளா என்பது குழாயின் கையில் இல்லை. அந்த 20 கிணற்றுக்காரர்களின் கையில் இருக்கிறது. விவசாய மின்சாரம் நமக்கு இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்தச் சொல்லி மீட்டர் நம்மை எச்சரிக்காது. நாமேதான் நிறுத்த வேண்டும்.

புதிய போர் போடலாமா?

இந்தத் தண்ணீரை நம்பிப் புதிய போர் போடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று நம் பகுதியில் போர் போய்விட்டது. குட்டையில் நிற்கும் தண்ணீர் முதலில் வந்து சேருவது மேல்மட்டத்துத் திறந்த கிணற்றுக்குத்தான். ஆயிரம் அடி ஆழத்து வெடிப்புக்கு அது போய்ச் சேருமா, எத்தனை காலம் ஆகும் என்பது பாறையின் வெடிப்பு எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. போர் போட்டு ஆழத்தில் உறிஞ்சினால் மேலே உள்ள பக்கத்துக் கிணறும் இறங்கும். அந்தப் பணத்தில் பழைய கிணற்றைத் தூர் வாருங்கள், சொட்டுநீர் போடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

தை மாதத்தில் ஒரு சோதனை

எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்பதை ஆவணியில் குட்டை நிறைந்ததைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வடகிழக்குப் பருவமழையும் முடிந்து, தை பிறந்ததும் கிணற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முறை எளிது.

1. கிணற்றின் மேல் கல்லில் ஒரு குறி போட்டு, அதிலிருந்து தண்ணீர் வரை கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். அமாவாசை, பௌர்ணமி என்று மாதம் இரண்டு முறை போதும். மோட்டார் ஓடாத விடியற்காலையில் அளக்க வேண்டும்.

2. தை மாதம் ஒரு நாள் மாலை வரை இறைத்துவிட்டு நிறுத்துங்கள். மட்டத்தை அளங்கள். மறுநாள் காலை மறுபடி அளங்கள். இரவில் எத்தனை அடி ஊறியது என்று தெரியும்.

3. கிணற்றின் நீள அகலத்தைப் பெருக்கி, ஊறிய அடியால் பெருக்கி, 28 ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 30 அடிக்கு 30 அடி கிணற்றில் 4 அடி ஊறினால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர்.

இந்த ஒரு லட்சம் லிட்டரில் சொட்டுநீர் வைத்து என்ன செய்யலாம்? தென்னை என்றால் 20 ஏக்கருக்கு மேல் தாங்கும். வாழை என்றால், ஏக்கருக்கு ஆயிரம் மரம், மரத்துக்கு 20 லிட்டர் என்று 5 ஏக்கர். நிலக்கடலைக்கும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட வாழை அளவே ஆகும். ஆனால் நிலக்கடலை 105 நாளில் விட்டுவிடும். வாழை சித்திரை, வைகாசி வெயில் முழுவதும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். தையில் ஊறும் அளவு சித்திரையில் ஊறாது. எனவே தைக் கணக்கில் பாதியைத்தான் கோடைக்கு நம்ப வேண்டும்.

என் பரிந்துரை இது. ஊறல் போன வருடத்தைவிடக் கூடியிருந்தால், இருக்கும் தென்னைக்கு முதல் உரிமை கொடுங்கள். மீதி இருந்தால் நிலக்கடலை, மக்காச்சோளம், காய்கறி போன்ற நூறு, நூற்றிருபது நாள் பயிர். போன வருட அளவே இருந்தால் பரப்பைக் கூட்டாதீர்கள். குறைந்திருந்தால் பயறு வகை, தீவனச் சோளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாட்டுக்குத் தட்டு இருந்தால் பால் பணம் வரும், குடும்பம் ஓடும். புதிதாக வாழை, கரும்பு வைப்பதை, குறைந்தது மூன்று வருடம் உங்கள் நோட்டுக் கணக்கைப் பார்த்த பிறகு யோசியுங்கள். அந்த மூன்றில் ஒரு வருடமாவது குழாயில் தண்ணீர் வராத வருடமாக இருந்தால், உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

கடும் தட்டுப்பாடு வந்தால் தென்னைக்கு 65 லிட்டரை 45 ஆகக் குறைக்கலாம். இன்னும் மோசமானால் 22 லிட்டர் கொடுத்து உயிரையாவது பிடித்து வைக்கலாம். மட்டை, ஓலை, நார்க்கழிவு போட்டு மரத்தடியை மூடி வையுங்கள்.

குட்டையில் செய்ய வேண்டியவை

வண்டல் அடைத்த குட்டைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தாலும் நிலத்துக்குள் இறங்காது. வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே நூறு நாளில் ஒன்றரை அடிக்கு மேல் போய்விடும். மூன்றடிதான் தண்ணீர் நிற்கும் குட்டை என்றால் பாதி வானத்துக்குப் போகிறது. தண்ணீர் வருவதற்கு முன், கோடையில் வண்டலை எடுங்கள். வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயத்துக்கு வண்டல் மண்ணை விலையில்லாமல் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. குட்டைக்கும் ஆழம் கிடைக்கும், மேட்டுக்காட்டுக்கும் சத்து கிடைக்கும். கரையை ஒட்டித் தோண்டாமல் நடுவில் சீராக எடுக்க வேண்டும், கரை பலவீனமாகிவிடக் கூடாது.

சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள். மழைநீர் வரும் ஓடையை அடைத்து வைத்திருந்தால் திறந்து விடுங்கள். "குழாய் வந்துவிட்டது, ஓடை எதற்கு?" என்று ஓடையை உழுது நிலத்தோடு சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். குழாய் வராத ஆண்டில் குட்டைக்கு வழி அந்த ஓடை ஒன்றுதான்.

சாக்கடையையும் ஆலைக் கழிவையும் குட்டைக்குள் விடாதீர்கள். செறிவூட்டும் குட்டையில் விட்டது எதுவும் நேராகக் கிணற்றுக்கு வரும். நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணைக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகி, சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. வருடம் ஒரு முறை கிணற்றுத் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பு அளவைப் பாருங்கள்.

குட்டை ஓரத்தில் உள்ள வால்வு, அளவுக் கருவிப் பெட்டி, குழாய் ஆகியவற்றில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு. நடுவில் ஒருவர் குழாயை உடைத்து எடுத்தால் கடைசிக் குட்டைக்கு அழுத்தம் போய்விடும்.

ஊராகக் கேட்க வேண்டியவை

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடுகிறது. அதில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். நம் ஊர்க் குட்டைக்கு ஆண்டுக்கு எவ்வளவு பங்கு, போன ஆண்டு எத்தனை நாள் எவ்வளவு வந்தது, இந்த ஆண்டு எப்போது திறப்பார்கள்? இதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஊரில் ஐந்து கிணற்றின் மட்டத்தையும் எழுதுங்கள். இரண்டு குட்டைக்கு அருகில், இரண்டு தூரத்தில், ஒன்று நடுவில். குழாய்த் தண்ணீர் எவ்வளவு தூரம் பலன் தருகிறது என்று இரண்டு வருடத்தில் உங்கள் ஊர்க்காரர்களே சொல்லிவிடலாம்.

விடுபட்ட குளம், குட்டைகளையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை மூன்று மாவட்டத்திலும் இருக்கிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் எடுக்கும் தண்ணீர் அதே 1.5 டி.எம்.சி. ஆக இருந்தால், குட்டை கூடக் கூட ஒவ்வொன்றின் பங்கும் குறையும். ஆகவே "எங்கள் குட்டையையும் சேருங்கள்" என்று கேட்கும்போதே "அதற்குத் தண்ணீர் எங்கிருந்து?" என்றும் கேளுங்கள்.

மற்ற மாவட்டத்து விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. கரூர் மாயனூரில் இருந்து குண்டாறு வரை 262 கிலோமீட்டருக்கு வெட்டத் திட்டமிட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாயும் காவிரியின் உபரி வெள்ளத்தை நம்பியதுதான். புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரத்துக் கண்மாய்க்கு அந்தத் தண்ணீர் வரும் நாளில், மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். வருவதற்கு முன் கண்மாயைத் தூர் வாரி வைத்தவருக்குத்தான் அது பலன் தரும்.

சரி, வாழை வைக்கலாமா?

தொடங்கிய கேள்விக்கு வருவோம். ஏற்கெனவே வாழை இருந்து, தைச் சோதனையில் ஊறல் போதும் என்று தெரிந்தால், அதே பரப்பில் சொட்டுநீரோடு தொடருங்கள். குட்டையில் தண்ணீர் பார்த்ததற்காகவே புதிதாகக் கடன் வாங்கி வைக்கப் போகிறீர்கள் என்றால், இந்த வருடம் வேண்டாம். ஒரு நோட்டு வாங்குங்கள், கயிற்றில் முடிச்சுப் போடுங்கள், மட்டத்தை எழுத ஆரம்பியுங்கள். நல்ல வருடத்தில் கிணற்றில் இருப்பதில் பாதியை மண்ணிலேயே விட்டு வையுங்கள். உபரி வராத வருடத்தில் உங்கள் தென்னையும் மாடும் அதைக் குடித்துத்தான் பிழைக்க வேண்டும்.